கிழிக்காமல் வைத்த பத்திரிகை

திருத்தணி,
13-2-2025, வியாழன்.

அன்புள்ள ஷாலினிக்கு,

செத்துப்போன உன் மாமா கோதண்டம் எழுதிக்கொண்டது. நலம். நலமறிய ஆவல்.

வலது கையை மலை இருக்கும் திசையில் நீட்டி, இடது கையால் பேனாவைப் பிடித்து, சத்தியம் செய்து சொல்கிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையைத் தமிழ்நாட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ரயில் ஏறி ரேணிகுண்டா வரை போய்த் தெலுங்கில் சொன்னாலும் நம்பமாட்டார்கள். தப்பித்தவறி யாராவது நம்பினால் அவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இப்போது கேள்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மலைப்படி ஏறிக்கொண்டிருந்தேன். முந்நூற்று அறுபத்தைந்தில் இருநூற்றுப் பதினெட்டாவது படி. கூடவே தேசப்பன். கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருக்கிறானே, என் ஆருயிர் நண்பன், அவன்தான். அப்போது ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒரு காக்கை வந்தது. காக்கை என்றால் நீ நினைக்கிற காக்கை அல்ல. ஷேர் ஆட்டோ அளவு. அதன் நிழலில் ஒரு கல்யாணக் கோஷ்டியே நின்று இளைப்பாறியது. அது மூன்று சுற்றுச் சுற்றி, படியில் இருந்த நானூறு தலைகளையும் நிதானமாகப் பார்வையிட்டு, கடைசியில் என் தலையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தது. சும்மா உட்காரவில்லை. சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தது.

தலையில் காக்கை உட்கார்ந்தால் உயிருக்குக் கண்டம். அதைக் கழிக்க நம் பக்கத்தில் ஒரே வழிதான் உண்டு. அந்த ஆள் செத்துப்போனதாக வெளியூர் உறவு யாருக்காவது பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். சேதி கேட்டவர் நிஜமாக அழ வேண்டும். அந்தக் கண்ணீரோடு கண்டம் போய்விடும். இரண்டு நாள் கழித்து, 'ஆள் உயிரோடுதான் இருக்கிறான், மன்னிக்கவும்' என்று அடுத்த சேதி.

"நெஜமா அழறவங்க யாரு இருக்காங்கோ உனக்கு?" என்று தேசப்பன் கேட்டான். நான் இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். திருத்தணி, பொதட்டூர்பேட்டை மார்க்கத்தில் நாற்பது லட்சம் பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை இது. நாற்பது லட்சம் முகத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு முகமும் அழவில்லை. கடைசியில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது. என் அக்கா மகள், அரக்கோணம் ரயில்வே பார்சல் ஆபீஸ் ஷாலினி.

உடனே கிளம்பிப் போனேன், டைப்பிங் ஜெராக்ஸ் கடைக்கு. சுதா என்று ஒரு பெண் அங்கே கம்ப்யூட்டரில் இருக்கிறாள். கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்றேன்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தாம்மா."

"ஆங். வயசு?"

"அறுபத்தெட்டு."

"போட்டோ வெக்கணுமா? பூ பார்டரா, சாதா பார்டரா?"

அதுவரை அவள் தலை நிமிரவில்லை. எத்தனை காப்பி என்று கேட்டாள். ஒன்று என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணா? ஒருத்தர்தான் வருவாங்களா சார்?" என்றாள்.

அந்த ஒன்றைத்தான் திங்கட்கிழமை உனக்குத் தபாலில் போட்டேன். நான் எட்டாம் தேதி காலமாகி அடக்கமும் ஆகிவிட்டதாகவும், இருபத்து மூன்றாம் தேதி கருமாதி என்றும் அதில் கண்டிருப்பாய். அதெல்லாம் பொய். இதுதான் அடுத்த சேதி. நான் சாகவில்லை. மகிழ்ச்சி கொள். நீ அழுத அழுகை அரக்கோணம் ஜங்ஷனில் வண்டிகளை நிறுத்தியிருக்கும். பொறுத்துக்கொள்.

இரண்டு விண்ணப்பங்கள். இரண்டு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. இனி எடு. மற்றது இது. பத்திரிகையைப் படித்ததும் கிழித்திருப்பாய். அதுதானே வழக்கம். கிழித்த துண்டுகளைத் தேடி எனக்கு அனுப்பிவை, ஒட்டிக்கொள்கிறேன். இந்தப் பூமியில் கருமாதிப் பத்திரிகை சேகரிக்கிற ஒரே மனிதன் நான். அவனுடைய சொந்தப் பத்திரிகை, அச்சடித்தது ஒரே பிரதி. அதன் அருமை உனக்குப் புரியும்.

இப்படிக்கு,
அகால மரணமடைந்து குணமாகிவரும் மாமா,
கோதண்டம்.


அரக்கோணம்,
19-2-2025.

மாமாவுக்கு,

பத்திரிகை பன்னிரண்டாம் தேதி வந்தது. உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நடுவில் இரண்டு நாள் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். ஆறு நாள் ஆகிவிட்டது. ஆறு நாளும் நீங்கள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குக் கிளம்பும்போது தபால்காரர் கொடுத்தார். வாசலிலேயே படித்தேன். நான்காகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். உள்ளே போய்த் தலைக்குக் குளித்தேன். ஈரத்தலையோடு ஆபீஸ் போனேன். அன்று பார்சல் அதிகம். சாயங்காலம் வந்து ரசம் வைத்தேன். கருமாதி ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. அதனால் லீவு எழுதிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை.

அழவில்லை. உங்களுக்கு அது தேவைப்பட்டது என்று கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் வந்திருக்காது.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று படித்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. சரி என்று மடித்து வைத்தேன். இப்படி எழுதக் கூடாது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அம்மாவுக்கும் நான் அழவில்லை. காலை பதினொரு மணிக்குப் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டே சரிந்தார்கள். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பாதிக் காய் அப்படியே இருந்தது. உட்கார்ந்து மீதியை நறுக்கினேன். வந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருக்கிறது.

அம்மா கருமாதிக்கு அடித்த பத்திரிகை இருநூறு. வாங்கியவர்கள் எல்லோரும் கிழித்துவிட்டார்கள். சாவுப் பத்திரிகை வீட்டில் தங்கக் கூடாது, தங்கினால் போனவர்கள் போகமாட்டார்கள் என்பார்கள். அதற்கடுத்த மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் ஆல்பத்தில் அதைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, எண் 186 என்று ஒட்டியிருந்தீர்கள். முந்தைய பக்கத்தில் தீப்பெட்டி லேபிள்கள். கிழியுங்கள் மாமா என்று கேட்டேன். நீங்கள் யானை ஒன்று போஸ்ட் ஆபீசுக்கு வந்த கதையைச் சொன்னீர்கள். அதிலிருந்துதான் உங்களோடு பேசுவதில்லை.

நீங்கள் அனுப்பிய பத்திரிகையின் துண்டுகள் இல்லை. சாக்கடையில் தண்ணீர் ஓடுகிறது.

அம்மாவுடையதைக் கிழித்துவிடுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஷாலினி.


திருத்தணி,
23-2-2025, ஞாயிறு.

அன்புள்ள ஷாலினிக்கு,

இன்று எனக்குப் பதினாறாம் நாள். கருமாதி சீரும் சிறப்புமாக நடந்தது. வந்திருந்தவர் ஒருவர்: நான். வடை, பாயசம், அப்பளம் எல்லாம் நானே செய்து, நானே பரிமாறி, 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க' என்று என்னையே உபசரித்து, போதும் என்று நானே இலையை மறித்தேன். புறப்படும்போது கைகழுவிய இடத்தில், போனவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று என்னிடம் இரண்டு வார்த்தை சொன்னேன்.

நீ அழவில்லை என்பதால் விளைந்திருக்கும் விபரீதத்தை நீ அறியமாட்டாய். கண்டம் கழியவில்லை. கழியாத கண்டத்தோடு நான் இப்போது உயிரோடு இருப்பவர் பட்டியலிலும் இல்லை, செத்தவர் பட்டியலிலும் இல்லை. என் நிழல் எனக்கு இரண்டு அடி பின்னால் வருகிறது. கண்ணாடி முன்னால் நின்றால் முகம் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிகிறது. நேற்றுப் பஸ்ஸில் கண்டக்டர் தலைகளை எண்ணினான், என் சீட்டுக்கு வந்ததும் என்னைத் தாண்டிப் போய்விட்டான். நானும் கண்டக்டர்தான், எனக்குத் தெரியும், அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

போகட்டும். நீ என் சேகரிப்பைப் பற்றிக் கேவலமாக நினைக்கிறாய். தீப்பெட்டி லேபிளும் சாவும் ஒரே ஆல்பமா என்கிறாய். கொஞ்சம் பொறு. எண் 91-இன் கதையைச் சொல்கிறேன்.

பழைய பேப்பர் கடையில் ஒரு பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தது அது. 1979. பொதட்டூர்பேட்டை வேதாசலம், நெசவு, வயது 64. கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். இதை யார் வைத்துக்கொள்வார்கள்? படித்த கையோடு கிழிந்துபோகும் காகிதம் இது. ஆனால் யோசித்துப் பார். மண் வெட்டுகிறவன், தறி ஓட்டுகிறவன், இவனுடைய பெயர் வாழ்நாளில் எங்கே அச்சாகிறது? கல்யாணத்தில் ஒரு முறை. இதில் ஒரு முறை. பெண்டாட்டி, பிள்ளை, மருமகன், பேரன் என்று அத்தனை பேரும் ஒரே தாளில் கீழே வரிசையாக நிற்பார்கள். மறுநாள் ஒருவரும் இல்லை.

வேதாசலத்தைத் தேடி நான் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். நான் தெருவில் நுழைந்ததும் நாலாயிரம் தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. பறவைகள் திகைத்துக் கீழே விழுந்தன. ஒன்பது தெரு சுற்றி அவர் பேத்தியைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாள் பத்திரிகையைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று படித்தாள். படித்ததும் முகம் மாறிவிட்டது.

"ஐப்பசியா போட்டுக்கீது? நாங்கோ ஆவணியில இல்ல திதி குடுத்துகினு இருக்கோம்!"

"மறந்துட்டீங்க போலருக்குது" என்றேன்.

"நாப்பது வருஷமா! அப்போ அவருக்கு வெச்ச வடைய இத்தினி வருஷமா எவன் துன்னுகினு இருந்தான்?"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு உட்கார வைத்து மோர் கொடுத்துத் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். லுங்கியில் பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் நீலக் கட்டம் வந்தால் பொறுக்கமாட்டாராம், அடுத்த வீட்டுத் தறியைக்கூடப் போய் நிறுத்துவாராம். மூக்குப்பொடி போட்டால் பதினொரு தும்மல், பன்னிரண்டாவது வந்ததில்லை. ஆல்பத்தில் இடது பக்கம் பத்திரிகை, வலது பக்கம் இதெல்லாம் என் கையால் எழுதிய ஒரு தாள். இப்படி ஒவ்வொருவருக்கும் அலைந்திருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். என் கால் தேய்ந்து ஆறு அடியிலிருந்து ஐந்தே கால் ஆகிவிட்டேன்.

அக்கா பத்திரிகையைக் கிழிக்கச் சொல்கிறாய். அவசியம் கிழிக்கிறேன். ஆனால் நேற்றுக் கையில் எடுத்ததும் பெருமழை. மழை இல்லாத மாசி மாதத்தில், என் வீட்டு ஓட்டுக்கு மட்டும். அதற்கு முந்தின நாள் எடுத்தபோது மலையிலிருந்து குரங்குகள் அறுபது வந்து ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. சாட்சி வைத்துச் செய்கிற காரியமா இது? நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டும்கெட்டான்,
கோதண்டம்.


அரக்கோணம்,
9-3-2025.

மாமாவுக்கு,

நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் இல்லை. சாவி மீட்டர் பெட்டிக்கு மேலேயே இருந்தது. திறந்து உள்ளே போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

கிழிக்கத்தான் வந்தேன். மழைக்கும் குரங்குக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை.

ஆல்பத்தை எடுத்து மேஜை மேல் வைத்தபோது தேசப்பன் அண்ணன் வந்தார். தினமும் உங்களுக்கு பிளாஸ்கில் டீ கொண்டுவருகிறாராமே. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஷாலினியா? ஒங்க மாமா இல்லியாம்மா? எதுனா சொல்ட்டு வந்தியா?"

இல்லை என்றேன். காக்கை உட்கார்ந்த இடத்தில் உங்களுக்குக் காயம் ஏதும் இல்லையே என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"காயமா? அவுருக்கு ஏம்மா காயம்? காக்கா வந்து ஒக்காந்தது என் தலையிலம்மா."

"உங்கள் தலையிலா?"

"ஆங். என் கடை வாசல்ல, பாலு பாத்திரத்த எறக்கிகினு இருந்தேன், சொய்ங்குனு வந்து ஒக்காந்துட்டுப் போயிட்ச்சு. மலையாவுது படியாவுது. அவுரு மலை ஏறி ரெண்டு வருஷமாவுது. எம் பொண்டாட்டிகூட ஒண்ணும் சொல்லல, போய்க் குளிங்கன்னா, அவ்ளோதான். இவுருதான் பெஞ்சுல ஒக்காந்து கேட்டுகினு இருந்தாரு. கேட்டுட்டு எழுந்து போனவுரு நேரா சுதா கடைக்குப் போயிக்கீறாரு. என் தலையில ஒக்காந்த காக்காவுக்கு அவுரு எதுக்கும்மா சாவணும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அதுக்கப்பறம் ரெண்டு மூணு நாளு ஸ்டேஷன்லயே கெடந்தாரும்மா. அரக்கோணத்துலேந்து வண்டி வந்தா எழுந்து நிப்பாரு. ஜனம் எறங்கிப் போனப்பறம் ஒக்காந்துக்குவாரு. இன்னாய்யா, யார் வராங்கன்னு கேட்டேன். கவர்னரு வராருன்னாரு."

டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஆல்பத்தைத் திறந்தேன்.

186-க்கு நேராகப் போகவில்லை. முதலிலிருந்து பார்த்தேன். எல்லாருக்கும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தே இராத மனிதர்களுக்கு. ஆர்.கே.பேட்டையில் ஒரு பாட்டிக்கு மூன்று தாள். தண்டவாளத்தில் வேலை செய்த ஒருவர் கறிவேப்பிலையை ஒதுக்கிவைத்து எண்ணுவாராம். தும்மல் பதினொன்று என்பதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க நேரம் போனது தெரியவில்லை.

186-இல் இடது பக்கம் அம்மாவின் பத்திரிகை. வலது பக்கம் தாள் இருக்கிறது. எழுத்து இல்லை. மேலே 'புஷ்பலதா' என்று மட்டும் பென்சிலில் எழுதி, அதையும் அழித்திருக்கிறீர்கள். அழித்த தடம் தெரிகிறது. பல தடவை எழுதி அழித்ததால் அந்த இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது.

பத்திரிகையை உறையிலிருந்து எடுத்தேன். கிழிக்க இரண்டு கையாலும் பிடித்தேன். பிறகு உள்ளேயே வைத்துவிட்டேன். மனம் இளகியதால் இல்லை, மாமா. அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் உங்கள் வேலைதான், நான் செய்தால் ஆகாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்தத் தாளில் நான் எழுதலாம் என்று உங்கள் பேனாவை எடுத்தேன். அம்மாவோடு முப்பத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஒரு வரி வரவில்லை.

நீங்கள் எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதிவிட்டுக் கிழியுங்கள்.

டீ ஆறியிருந்தது. நான் குடித்துவிட்டேன்.

ஷாலினி.


திருத்தணி,
13-3-2025.

ஷாலினிக்கு,

கடிதம் கிடைத்தது. தேசப்பன் ஒரு துரோகி. பேனாவில் மை இருக்கிறது. தாள் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

கோதண்டம்.


அரக்கோணம்,
17-3-2025.

மாமாவுக்கு,

சரி.

ஷாலினி.


திருத்தணி,
24-3-2025, திங்கள்.

அன்புள்ள ஷாலினிக்கு,

நாளை என்று எழுதிப் பதினொரு நாள் ஆகிவிட்டது. எனக்கு ஒரு நாளுக்கு இருபத்து நாலு மணி என்ற சட்டம் பொருந்தாது. செத்துப் பிழைத்தவன்.

காக்கை விஷயம். தேசப்பன் தலையில் உட்கார்ந்தது உண்மை. பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனுக்குக் கண்டம் வந்தால் அழ வீடு நிறைய ஆள். உலகத்தில் எல்லாவற்றையும் சேகரித்தவனுக்கு ஒரு காக்கைகூடச் சொந்தமாக இல்லையே என்று திருடிவிட்டேன். நீ வருவாயா என்று பார்க்கத்தான் அனுப்பினேன். ஆறு நாள் உன்னை அப்படி வைத்தது பாவம். அதற்குக் கழிப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை எழுதினேன். எழுதி முடித்ததும் பத்திரிகையை உறையிலிருந்து எடுத்துக் கிழித்தேன். நாற்பது லட்சம் டிக்கெட் கிழித்த கைக்கு அது ஒரு நொடி வேலை. நான்காகக் கிழித்தேன், வாசலுக்கு வெளியே போட்டேன், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அழுகை வந்ததா என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். வரவில்லை. ஈரத்துண்டோடு கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்வீட்டில் பிரஷர் குக்கர் மூன்று விசில் அடித்தது. எண்ணினேன். உனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் இரண்டு வருடமாக அப்படித்தான். நான் அந்தக் கண்ணாடியில் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

ஆல்பத்தில் இப்போது இடது பக்கம் காலி. வலது பக்கத் தாளை அப்படியே உனக்கு நகல் எடுத்து எழுதுகிறேன்.

எண் 186. புஷ்பலதா, வயது 69. தம்பி கோதண்டத்துக்கு மூன்று வயது மூத்தவள். பிறந்தபோது இவள் அழவில்லை, மருத்துவச்சிதான் அழுதாள். ஆறு வயதில் தண்டவாளத்தின் நடுவில் நின்று ஒற்றைக் கையை நீட்டித் திருப்பதி வண்டியை நிறுத்தி, இன்ஜின் டிரைவரிடம் மணி என்ன என்று கேட்டாள். அவர் சொன்னதும், நன்றி சொல்லி, போகலாம் என்று கையைக் காட்டினாள். ஆடிக் கிருத்திகை அன்று ஐந்து லட்சம் பேர் கூடிய கூட்டத்தில் தம்பி தொலைந்துபோனான். போலீஸ், மைக் செட், எதுவும் பயன்படவில்லை. இவள் ஒரு காவடி மேல் ஏறி நின்று அவன் பெயரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். கூப்பிட்ட சத்தத்தில் கோதண்டம் என்று பெயருள்ள நூற்று நாற்பது பேர் அவள் முன்னால் கைகட்டி வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களில் மிக அழுக்கான ஒருவனைக் காதைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

கல்யாணமாகி அரக்கோணம் போன அன்று, அவள் இல்லாமல் திருத்தணி மலை ஒரு முழம் இறங்கியது. இன்னும் ஏறவில்லை, சர்வே ஆபீசில் கேட்கலாம். அவள் நறுக்கும் பீர்க்கங்காய்ச் சீவல் வழியாகப் பேப்பர் படிக்கலாம். அவள் வைத்த காரக்குழம்பை ஒரு தடவை முகர்ந்ததற்கே ஒரு டிக்கெட் பரிசோதகர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். நாற்பது வருடம், பஸ் டியூட்டி இல்லாத ஒவ்வொரு ஞாயிறும் தம்பி ரயில் ஏறி அவள் வீட்டுக்குப் போவான். அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கதை ஆரம்பிப்பான். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் காதில் விழாது என்று அவள் அடுப்பை அணைத்துவிடுவாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்பாள். கதை முடிந்ததும், 'போடா பொய்யி' என்று சொல்லித் திரும்பப் பற்றவைப்பாள். இதனால் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நாற்பது வருடமாகத் திங்கட்கிழமைதான் தயாரானது. அவள் காலமான அன்று தென்னக ரயில்வேயின் அத்தனை வண்டிகளும் ஓரிடத்தில் நின்று ஊதின. ஊதிய சத்தத்தில் வங்காள விரிகுடா மூன்று மைல் பின்வாங்கியது.

தாள் இத்துடன் முடிகிறது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று நீ சொன்ன தைரியத்தில் எழுதியது. ரயிலை நிறுத்தவில்லை. காவடி மேல் ஏறவில்லை. மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கடலும் அப்படியே.

அடுப்பை அணைத்தது மட்டும் நிஜம்.

கோதண்டம்.